ஒரு மணி நேரத்தில் முடியும் ஐம்பது ஆண்டு

திண்டிவனத்திலிருந்து

மரக்காணம் தொடங்கிப் பொம்மையார்பாளையம் வரை கடலை நம்பி வாழும் மீனவப் பெருமக்களுக்கும், அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு மடல்.

தை மாதத்தில் ஓர் ஆமை செத்துக் கரை ஒதுங்கினால், சுற்றி நிற்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். பெரியவர்களில் ஒருவர் நூறு என்பார், இன்னொருவர் இருநூறு என்பார். ஓட்டைப் பார்த்து யாராலும் அதைச் சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்கள் செத்த ஆமையின் முன்துடுப்பிலுள்ள மேல்கை எலும்பை எடுத்து, மெல்லிய வில்லையாகக் குறுக்கே சீவி, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோல் எண்ணிப் பார்க்கிறார்கள். அப்படி எண்ணித்தான், பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரச் சுமார் 13 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. குறுக்கே எதுவும் வராவிட்டால் அது 50 ஆண்டு வாழும் என்பது அவர்களின் மதிப்பீடு.

உங்கள் கரைக்குப் பங்குனியில் வருவதால் உங்கள் முன்னோர் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. இரண்டரை அடி நீளத்துக்கு உட்பட்ட ஓடு, 40 கிலோ அளவில் எடை. இந்த அளவுக்கு வளர்ந்த ஆமை ஒன்று மணலில் கிடந்தால், அது உங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் வயதையாவது நெருங்கியது என்று பொருள்.

2025 ஜனவரியில் சென்னையிலும் செங்கல்பட்டுக் கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலானவை வளர்ந்தவை. தலைக்குப் பதினைந்து ஆண்டு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரே மாதத்தில் பதினைந்தாயிரம் ஆண்டு வாழ்க்கை அந்த மணலில் புதைக்கப்பட்டது. அவை இனி வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தக் கரைகளுக்கும் மரக்காணத்துக்கும் கடல் ஒன்றுதான், நீரோட்டமும் ஒன்றுதான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ஆமை நீண்ட நாள் வாழும் என்பது கட்டுக்கதை அல்ல. தென் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் ஜோனதன் என்றொரு நில ஆமை இருக்கிறது. 1882இல் அதைச் செஷல்ஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்தபோதே அது முழு வளர்ச்சி அடைந்திருந்தது. அப்போது குறைந்தது ஐம்பது வயது இருந்திருக்கும் என்று வைத்து, அது பிறந்த ஆண்டை 1832 என்கிறார்கள். கண் தெரியாது, மோப்பமும் போய்விட்டது. பராமரிப்பவர் கையால் ஊட்டுகிறார். நம் நாட்டில் கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் இருந்த அத்வைதா 2006 மார்ச்சில் இறந்தது. ராபர்ட் கிளைவ் வளர்த்த ஆமை அது, 250 வயது என்ற பேச்சு உண்டு. அதற்கு உறுதியான சான்று கிடையாது. பூங்காவில் மட்டும் 130 ஆண்டு அளவுக்கு அது வாழ்ந்தது என்பதே போதுமான வியப்பு.

இத்தனை ஆயுள் எங்கிருந்து வருகிறது? 2022இல் இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்தன. ஒன்று, உயிரியல் பூங்காக்களில் வாழும் 52 ஆமை இனங்களின் பதிவேடுகளை வைத்துச் செய்தது. அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி இனங்களுக்கு முதுமை மிக மெதுவாகவே வருகிறது, அல்லது வருவதே தெரியவில்லை. மனிதருக்கு வயது ஏற ஏற ஒவ்வோர் ஆண்டும் இறக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். நல்ல பராமரிப்பில் இருக்கும் பல ஆமைகளுக்கு அப்படிக் கூடுவதில்லை. மற்றொன்று, காட்டில் வாழும் ஊர்வன, நீர்நில வாழ்வன ஆகியவற்றின் 77 இனங்களைப் பற்றியது. ஓடு போன்ற காப்பு உள்ளவையும் வாழ்க்கையின் வேகம் குறைந்தவையும் மெதுவாக மூப்படைகின்றன என்று அது கண்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓடு இருப்பதால் பெரிய ஆமையை எளிதில் எதுவும் கொல்வதில்லை. கொல்லப்படாமல் பிழைக்கும் உயிருக்குத்தான் மெதுவாக வளர்வதும், தாமதமாக முட்டையிடத் தொடங்குவதும், பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்து முட்டையிடுவதும் பயன்தரும். ஆமையின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் உடம்பு மட்டும் அல்ல. வளர்ந்த பிறகு அதற்கு அகால மரணம் அரிது என்பதை நம்பி, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அமைந்த ஒரு கணக்கு அது.

கடலாமைக்கு அந்தக் காப்பும் பாதிதான். புலனடக்கத்துக்கு வள்ளுவர் உவமை சொன்ன ஆமை, தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏரி ஆமை. கடலாமையால் அது முடியாது. நீந்துவதற்காகத் துடுப்பாகிப்போன கைகளும் தலையும் எப்போதும் வெளியேதான் இருக்கும். வலைக்கண் அதன் கழுத்திலும் துடுப்பிலும் மாட்டுவது இதனால்தான்.

குஞ்சுப் பருவத்தின் கணக்கு நேர்மாறானது. ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும். 45 முதல் 60 நாளில் பொரியும். நாய், நரி, நண்டு, காகம், பருந்து, பிறகு கடலில் மீன்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மணலின் சூடும் விதியை எழுதுகிறது. சுமார் 29 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் பெரும்பாலும் பெண், கீழே இருந்தால் பெரும்பாலும் ஆண். மிகவும் சூடேறினால் கருவே வெந்துவிடும். கரையில் எரியும் விளக்கு, கடல் வெளிச்சத்தை நோக்கிப் போகவேண்டிய குஞ்சைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விடுதிகள் கூடிவரும் உங்கள் பகுதியில் இது சிறிய செய்தி அல்ல.

இந்தக் குஞ்சுகளைக் காக்கும் வேலை தமிழ்நாட்டில் பழையது. 1970களின் தொடக்கத்திலேயே சென்னைக் கடற்கரையில் ராத்திரி நடந்து முட்டைகளைத் தேடினார்கள். ரோமுலஸ் விட்டேக்கரும், பிற்பாடு இந்தியக் கரை முழுவதும் தனியாளாக நடந்த சதீஷ் பாஸ்கரும் அந்த முதல் அணியைச் சேர்ந்தவர்கள். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்கிறது. வனத்துறையின் பொரிப்பகங்களும் இருக்கின்றன. எல்லாம் போற்ற வேண்டிய உழைப்பு.

ஆனால் முட்டையைக் காப்பதால் மட்டும் ஆமை பிழைக்காது. இதைச் சொன்னது 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் கேஸ்வெல் ஆகிய மூவரும் பெருந்தலை ஆமைகளின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, இளையது, வளர்ந்தது என்று பகுத்துக் கணக்குப் போட்டார்கள். கரையில் இட்ட முட்டை ஒன்றுகூடச் சேதமாகாமல் முழுவதும் பொரிந்தாலும் ஆமைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகும் என்று தெரிந்தது. வளர்ந்துவரும் இளம் ஆமைகளும் பெரிய ஆமைகளும் வலையில் சாவதைக் குறைத்தால்தான் மாற்றம் வரும். பதினைந்து ஆண்டு தாண்டிப் பிழைத்த ஒரு பெண் ஆமைக்கு ஈடாகப் பல நூறு குஞ்சுகளை விட்டாலும் கணக்கு நேராகாது. ஆகவே கரையில் முட்டை பொறுக்கும் கல்லூரி மாணவரைவிட, படகில் நிற்கும் உங்கள் கைக்குத்தான் இந்த உயிர்களின் ஆயுள் மேல் அதிகாரம் இருக்கிறது.

வலைக்குள் நடப்பது என்ன என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அமைதியாகக் கிடந்தால் மணிக்கணக்கில் மூச்சடக்கும். இழுவை மடிக்குள் சிக்கினாலோ வெளியேறத் துடிக்கும். சேர்த்து வைத்த மூச்சு மளமளவென்று தீரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மடியை இழுத்தால் சாவு கூடிக்கொண்டே போகிறது. விசைப்படகுகள் பல மணி நேரம் இழுக்கின்றன. 2025இல் ஒதுங்கிய உடல்களில் கண் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு முட்டிச் செத்ததற்கான அடையாளங்கள் அவை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இதில் உங்கள் மீது பழி போடுவது நேர்மை ஆகாது. உங்கள் ஊர்களில் ஓடுவது பெரும்பாலும் ஃபைபர் படகு. முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவை மடி போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை மீறிக் கரையை ஒட்டி இழுத்துப்போகும் வெளியூர் விசைப்படகுகள், ஆமையை மட்டுமா அழிக்கின்றன? உங்கள் செவுள் வலையையும் அறுத்துக்கொண்டுதான் போகின்றன. அந்த 5 கடல்மைல் ஆமைக்கான வேலி என்று நினைக்க வேண்டாம். உங்கள் மீன்பாட்டுக்கான வேலியும் அதுதான். ஆமையைப் பேசுவோரும் சிறு படகுக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறது. ஆமைகளோ அதற்கு முன்பே, தையிலும் மாசியிலும் பங்குனியிலும், வந்து போய்விடுகின்றன. கரையோரக் கண்காணிப்பு தேவைப்படும் மாதங்கள் இவை.

ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு வலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரிய கண்ணுள்ள திருக்கை வலையை அடியில் போட்டு இரவெல்லாம் விட்டுவைத்தால், அதில் மாட்டும் ஆமை விடியும் வரை உயிரோடிருக்காது. முட்டையிடும் மூன்று மாதம் மட்டுமாவது அந்த வலையைக் கரையோரம் போடுவதில்லை என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவெடுக்கலாம். துறை ஆணையைவிட ஊர்க் கட்டுப்பாடு உறுதியாக நிற்கும் என்பதை உங்கள் ஊர்களைத் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆமை விலக்கி பற்றியும் பேச வேண்டும். மடிக்கு நடுவே சாய்வான கம்பிச் சட்டம். இறால் இடுக்கு வழியே பின்னால் போகும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். அரசு தலையில் கட்டும் சுமை என்றே விசைப்படகுக்காரர்கள் இதைப் பார்க்கிறார்கள். இதன் பிறப்பு வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இறால் பிடித்துக்கொண்டிருந்த சிங்கி பூன் என்ற மீனவர், 1960களின் இறுதியில், மடியில் வந்து நிரம்பும் சொறிமீன்களை வெளியே தள்ளுவதற்காகத் தானே செய்த சட்டம் அது. சொறி போகும் வழியில் ஆமையும் போனது. சொறியால் வலை கனத்துப் போன நாளின் கோபம் உங்களுக்குத் தெரியும். அதே கோபத்தில் ஒரு மீனவர் கண்டுபிடித்த கருவி இது. பங்குனி ஆமை சொறியைத் தின்னும் உயிர் என்பதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்ற விலக்கியை உருவாக்கி இருக்கிறது. அதைப் பூட்டாததற்கு நாடே விலை கொடுக்கிறது. இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை.

இனி, உங்கள் படகில் ஆமை மாட்டினால் செய்யக்கூடியது. இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வலையில் அசைவற்று வரும் ஆமை செத்ததாகத் தோன்றும். பலசமயம் அது மயக்கம்தான். அதைத் தூக்கிக் கடலில் போட்டால் மூழ்கி உண்மையிலேயே செத்துப்போகும். வயிற்றுப் பக்கம் கீழே இருக்கும்படி படகில் கிடத்த வேண்டும், மல்லாக்கக் கூடாது. பின்பக்கத்தை அரை அடிக்குக் குறையாமல் உயர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வாய்வழியே வடியும். சுருட்டிய கயிறோ பழைய டயரோ அண்டை கொடுக்கப் போதும். மேலே ஈரத்துணி போட்டு வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூக்கை மட்டும் மூடக் கூடாது. அவ்வப்போது கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பார்த்தால் உயிர் இருப்பது தெரியும். குறைந்தது நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். தெளிந்த பிறகு எஞ்சின் ஓடாத நேரத்தில், நீரில் வலை இல்லாத இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு அருகே மெல்ல இறக்கி விடலாம்.

சின்னப் படகில் நாற்பது கிலோ ஆமையை வைத்துக்கொண்டு தொழில் பார்ப்பது எளிதன்று. அதைவிடப் பெரிய தடை பயம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில், புலியின் வரிசையில் இருக்கிறது. ஆமையோடு கரை சேர்ந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சி, மயங்கிக் கிடப்பதை அவசரமாகத் தூக்கிப் போடும் நிலை இருக்குமானால், அந்தச் சட்டமே ஆமையைக் கொல்கிறது. மயங்கிய ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கமாட்டார்கள் என்று வனத்துறையும் மீன்வளத்துறையும் ஒவ்வோர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வலையை அறுத்து விடுவித்தால் நட்டம் யாருடையது? மகாராஷ்டிரத்தில் 2018 டிசம்பர் முதல், ஆமை, திமிங்கலச்சுறா போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்களை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். விடுவித்ததைப் படமோ காணொளியோ எடுத்துக் காட்டினால் போதும். கைப்பேசி இல்லாத படகு இன்று ஏது? அதே ஏற்பாட்டை விழுப்புரம் மாவட்ட மீனவர் குறைதீர் கூட்டத்தில் நீங்கள் எழுப்பினால், அது கருணை மனுவாக இருக்காது, நியாயமான கோரிக்கையாகவே இருக்கும்.

கரையைப் பற்றியும் கொஞ்சம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் இறுதியில் கல்சுவர்கள் கட்டிய பிறகு, வடக்கே போகவேண்டிய மணல் தடைபட்டு, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கடல் வீடுகளை அரித்தது. வீட்டைக் காக்கக் கல் கொட்டுங்கள் என்று கேட்டது நியாயம். ஆனால் கல் கொட்டிய இடத்தில் படகு ஏற்றவும் இடமில்லை, ஆமை ஏறவும் இடமில்லை. புதுச்சேரி நகரக் கடற்கரையில் 2018இல் நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். வடக்கே உள்ள ஊர்களுக்கும் கல்லுக்குப் பதில் மணல் வேண்டும் என்று கேட்பதில் ஆமைக்காரரும் உங்களோடு நிற்பார்கள்.

மணலில் ஆமை முட்டை புதைப்பதைச் சங்கப் புலவர்களும் கண்டிருக்கிறார்கள். அகநானூற்றின் 160ஆம் பாடலில் பெண் ஆமை புதைத்துவிட்டுப் போன முட்டையை ஆண் ஆமை காத்திருப்பதாக வரும். ஆண் கடலாமை பிறந்தபோது கடலில் இறங்கினால் திரும்பக் கரையேறுவது மிக அரிது. காவல் காத்தது கவிஞரின் மனம்தான். சிறுபாணாற்றுப்படையில் பாடப்பட்ட ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அதே நூல் சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்கிறார்கள். அந்தக் காலத்திலும் இதே கரையில் பங்குனி ஆமை ஏறியிருக்கும்.

  

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2021 மார்ச்சில் ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் முட்டையிட்ட பெண் ஆமை ஒன்றின் துடுப்பில் 03233 என்ற எண் பொறித்த உலோகத் தகடு மாட்டினார்கள். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குகாகர் கரையில் அது முட்டையிட ஏறியது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போக, அது தெற்கே சுற்றித்தான் போயிருக்க வேண்டும். சென்னைக் கரையில் ஆயிரம் ஆமைகள் செத்து ஒதுங்கிய அதே ஜனவரி அது. எத்தனை வலைகளுக்குத் தப்பி அது போய்ச் சேர்ந்தது என்பது கடலுக்கே வெளிச்சம்.

உங்கள் வலையில் வரும் ஆமையின் முன்துடுப்பில் அப்படி ஒரு தகடு மின்னினால், பிடுங்க வேண்டாம். எண்ணையும் நாளையும் எத்தனை பாகம் ஆழத்தில் மாட்டியது என்பதையும் குறித்து, ஆமையை விடுவித்துவிட்டு, கரை வந்ததும் திண்டிவனம் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். பங்குனி ஆமை உண்மையில் எத்தனை ஆண்டு வாழ்கிறது என்ற கணக்கு, அப்படி வரும் ஒவ்வோர் எண்ணாலும்தான் நிரம்பும்.

அன்போடும் மதிப்போடும்,
கடலுக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள உங்கள் அண்டை ஊரிலிருந்து.